வெள்ளி ரூபாயில் விழுந்த ஃபிளாஷ் திட்டு: என் அனுபவம்

ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ஒரு ரூபாயை 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் (சிறு பொருளை மிக அருகில் எடுக்கும் லென்ஸ்) படமெடுத்தால் மன்னரின் கன்னத்தில் வெள்ளைத் திட்டு, முகத்தைச் சுற்றிய சமதளமெல்லாம் கறுப்பு. பல நாள் இதிலேயே போனது.

ஃபிளாஷை முழுச் சக்தியில் 1/32 பங்கு வரை குறைத்தேன். மற்ற இடம் இருண்டதே தவிரத் திட்டு போகவில்லை. அது ஃபிளாஷின் பிம்பம். சக்தியைக் குறைத்தால் அதன் அளவு மாறாது. ஃபிளாஷ் முகத்தில் டிஷ்யூ ஒட்டினாலும் ஒளிரும் பரப்பு அதேதான். லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மட்டும் மாட்டிப் பயனில்லை. கண்ணாடி, தண்ணீருக்கு உதவும். வெறும் உலோகத்திடம் அது செல்லாது.

தீர்த்தது டிரேசிங் பேப்பர். அதைக் கூம்பாகச் சுருட்டி, குறுகிய வாயை லென்ஸ் விளிம்பில் பொருத்தி, அகன்ற வாய்க்குள் நாணயத்தை வைத்தேன். ஃபிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில், பேப்பரிலிருந்து 20 செ.மீ. தள்ளி நிறுத்தினேன். ஒட்டி வைத்தால் பேப்பரில் சின்ன வட்டம்தான் ஒளிரும், பழைய திட்டு திரும்பிவிடும்.

அப்போதும் நாணயத்தின் சமதளம் கறுப்பாகவே இருந்தது. அதில் தெரிவது லென்ஸின் இருண்ட முகம்! ஃபிளாஷுக்கு எதிர்ப்பக்க விளிம்பின் கீழ் இரண்டு தீக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நாணயத்தை ஃபிளாஷ் பக்கம் சாய்த்ததும் சமதளம் ஒளிரும் பேப்பரைக் காட்டியது. சாய்வால் ஓரங்கள் மங்கும், அதனால் லென்ஸின் துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்க வேண்டும். பேப்பர் கூம்பை ஒட்டிய இணைப்பு ஃபிளாஷ் பக்கம் இருந்தால் நாணயத்தின் குறுக்கே கறுப்புக் கோடு விழும். அந்த இணைப்பை எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.