மேலயும் கீழயும் கருப்பா வருதுன்னு படத்தை வெட்டாதீங்க

புது டிவி வாங்கி மாட்டின வீட்ல முதல்ல வர்ற புலம்பல் இதுதான். "43 இன்ச்னு சொல்லித்தான் குடுத்தாங்க, படம் போட்டா மேலயும் கீழயும் கருப்பா பட்டை பட்டையா வருது, முழுசா தெரிய மாட்டேங்குது." பென்னாகரம், பாலக்கோடு, அந்தப்பக்கம் காவேரிப்பட்டணம்னு எந்த சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் சொல்றாங்க. உடனே வீட்ல இருக்கற பையன் ரிமோட்டை எடுத்து ஜூம் வெச்சிடுவான், கருப்பு போயிடும், எல்லாருக்கும் திருப்தி. ஆனா அந்த நிமிஷத்துல இருந்து படத்துல கால்வாசி காணாம போயிருக்கும், அது அங்க உக்காந்திருக்கற யாருக்குமே தெரியாது. கேமராமேன் வெயில்லயும் மழையிலயும் நின்னு பாத்துப் பாத்து எடுத்ததை ஒரு பட்டன்ல தூக்கிப் போடறோமேன்னு எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்கும்.

கணக்கு ரொம்ப சுலபம். இப்ப வர்ற டிவி எல்லாம் 16:9, அதாவது உயரம் 1 அடின்னா அகலம் 1.78 அடி. தியேட்டர்ல ஓடுற ஸ்கோப் படம், அதாவது சினிமாஸ்கோப் மாதிரி அகலத் திரைக்கு எடுத்த படம், அதை விட அகலம், உயரம் 1க்கு அகலம் 2.39 வரைக்கும் போகும். அந்த அகலத்தை டிவி அகலத்துக்குள்ள அடக்கணும்னா உயரம் குறைஞ்சுதான் ஆகணும். 43 இன்ச் டிவி கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் அகலம், 53 சென்டிமீட்டர் உயரம் இருக்கும், அதுல ஸ்கோப் படம் போட்டா 95 அகலமும் கிடைக்கும், உயரம் மட்டும் 40 வரும், மீதிதான் மேல கீழ கருப்பு. அந்தக் கருப்புல மறைஞ்சு கிடக்கற படம்னு எதுவுமே கிடையாது, டைரக்டர் எடுத்தது முழுசும் நடுவுலயே இருக்கு.

ஜூம் வெச்சா என்ன ஆகுது? உயரத்தை ரொப்பறதுக்காக படத்தைப் பெருசாக்கும், இடது பக்கம் எட்டுல ஒரு பங்கு, வலது பக்கம் எட்டுல ஒரு பங்கு டிவிக்கு வெளிய போயிடும். ஒகேனக்கல்ல பரிசல்ல போற மாதிரி ஒரு சீன்னு வெச்சுக்கங்க, இடது ஓரத்துல பரிசல், வலது ஓரத்துல பாறை மேல நிக்கற ஹீரோ, நடுவுல முழுக்க தண்ணி. ஜூம் வெச்ச டிவில பரிசல் பாதி, ஹீரோ பாதி, நடுவுல தண்ணி மட்டும் நல்லா தெரியும். திண்ணைல இந்தக் கோடில ஒருத்தர் அந்தக் கோடில ஒருத்தர் உக்காந்து பேசற சீன்லயும் அதே கதைதான், பேசறவர் மூக்கும் வாயும் மட்டும் ஓரத்துல வந்து வந்து போகும். டைட்டில் ஓடும்போதே கண்டுபிடிச்சிடலாம், பேரோட முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வெட்டுப்பட்டு இருந்தா படமும் வெட்டுப்பட்டிருக்குன்னு அர்த்தம். ஓசூர் பக்கம் கன்னடப் படம் தெலுங்குப் படம் சப்டைட்டிலோட பாக்கறவங்க இன்னும் கவனமா இருங்க, சில சமயம் சப்டைட்டில் அந்தக் கீழ்க் கருப்புலதான் வரும், ஜூம் வெச்சா அதுவும் சேர்ந்து போயிடும்.

பழைய படத்துக்கு இதுக்கு நேர் எதிரான தப்பு நடக்குது. தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் படமே 1973ல வந்த ராஜ ராஜ சோழன் தான். அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் கிட்டத்தட்ட பழைய பொட்டி டிவி மாதிரியே 4:3க்குப் பக்கத்துல எடுத்தது, அதனால இப்ப இருக்கற டிவில போட்டா இடமும் வலமும் கருப்பு வரும், அதுவும் சரிதான். அது பிடிக்காம ஃபுல் இல்லன்னா வைடுன்னு இருக்கறதை வெச்சு இழுத்து விட்டுடறாங்க, மூணுல ஒரு பங்கு அகலம் கூடிப் போகுது. எம்ஜிஆர் அவ்ளோ கட்டா இருந்தவரு, அவரைப் போய் குள்ளமா குண்டா காட்டுது. சிவாஜி முகத்துல ஒவ்வொரு தசையும் நடிக்கும், அந்த முகத்தை சப்பாத்தி மாவு மாதிரி இழுத்து வெச்சுப் பாத்தா அந்த நடிப்புக்கு என்ன மரியாதை? சரி இழுக்கல, ஜூம் வெச்சுக்கறோம்னா உயரத்துல கால்வாசி போகும். பத்மினி டான்ஸ் ஆடற பாட்டை அப்படி ஜூம்ல பாருங்க, தலைல இருக்கற நெத்திச்சுட்டியும் போயிருக்கும் கால்ல இருக்கற சலங்கையும் போயிருக்கும், பரதநாட்டியத்துல கால் தெரியலன்னா பாக்கறதுக்கு என்ன இருக்கு.

ஏன் இப்படி ஆளுக்கு ஒரு அளவுன்னு கேப்பாங்க. அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு டிவி வந்து தியேட்டர் கூட்டம் குறைய ஆரம்பிச்சப்ப, டிவில கிடைக்காத ஒண்ணைக் குடுக்கணும்னு 1953ல ஃபாக்ஸ் கம்பெனி த ரோப் படத்தை சினிமாஸ்கோப்ல விட்டாங்க. ஸ்பெஷல் லென்ஸ் வெச்சு அகலத்தை பாதியா அமுக்கி ஃபிலிம்ல பதிய வெச்சு, தியேட்டர்ல இன்னொரு லென்ஸ் வெச்சு திரும்ப விரிச்சுக் காட்டறது, அதுதான் சங்கதி. இந்தியாவுல 1959ல குரு தத் எடுத்த காகஸ் கே பூல் முதல் ஸ்கோப் படம். அப்புறம் புது டிவிக்கு அளவு முடிவு பண்றப்ப பழைய 4:3க்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல ஒண்ணா 16:9 வந்து நின்னுச்சு, அதனால ரெண்டு வகைப் படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கருப்பு வரத்தான் செய்யும்.

அடுத்தது கேபிள் பாக்ஸ், இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. பாக்ஸ்ல தனியா ஒரு சைஸ் செட்டிங், டிவில தனியா ஒரு சைஸ் செட்டிங், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தெரியாம வேலை செய்யும். பழைய பொட்டி டிவி இருந்தப்ப பாக்ஸ்ல 4:3ன்னு வெச்சது அப்படியே கிடக்கும், டிவி மட்டும் புதுசா மாத்தியிருப்பாங்க, அப்ப பாக்ஸ் ஒரு தடவை அமுக்கும் டிவி அதை ஒரு தடவை இழுக்கும், என்னதான் மாத்தினாலும் சரியா வராது. முதல்ல பாக்ஸ் மெனுவுக்குப் போயி 16:9 வெச்சிடுங்க, அதுக்கப்புறம் டிவியைத் தொடுங்க. டிவிலயும் வெறும் 16:9 வெச்சா சில மாடல்ல நாலு ஓரமும் கொஞ்சம் வெட்டும், அது பழைய டிவி காலத்துப் பழக்கம். எல்ஜில ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்ல ஃபிட் டு ஸ்க்ரீன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைப் போட்டா வர்ற படம் ஓரம் வரைக்கும் முழுசா தெரியும். நியூஸ் சேனல்ல கீழ ஓடுற வரி பாதி வெட்டுப்பட்டு வந்தா காரணம் இதுதான்.

ஜூம் வெக்கவே கூடாதான்னா, ஒரே ஒரு இடத்துல வெக்கலாம். சில சேனல்ல ஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள்ள அடக்கி விடுவாங்க, அப்ப உங்க டிவில நாலு பக்கமும் கருப்பு வரும், நடுவுல போஸ்ட் கார்டு சைஸ்ல படம் ஓடும். அங்க ஜூம் தாராளமா வைங்க, வெட்டுப்படறது வெறும் கருப்பு மட்டும்தான், படம் அகலத்தை ரொப்பிட்டு மேல கீழ மட்டும் பட்டையோட நிக்கும். சரியா வெச்சோமான்னு பாக்க சுலபமான வழி, படத்துல ஏதாவது வட்டமா வர்ற வரைக்கும் இருங்க, வண்டிச் சக்கரம், தட்டு, கடிகாரம்னு எதுவா இருந்தாலும் சரி. வட்டம் முட்டையா தெரிஞ்சா இழுத்திருக்கு.

பழைய டிவிடி வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. கவர்ல ஃபுல் ஸ்கிரீன்னு போட்டிருந்தா அதை நல்ல பிரிண்ட்னு நினைச்சு எடுக்காதீங்க, முக்கியமா இங்கிலீஷ் படம். ஸ்கோப் படத்தை 4:3க்கு வெட்டினா நாப்பது சதவீதத்துக்கு மேல அகலம் போயிடும். யார் பேசறாங்களோ அவங்க பக்கமா சட்டத்தை நகத்தி நகத்தி வெட்டியிருப்பாங்க, கேமரா அசையாத சீன்ல கூட படம் அசையற மாதிரி இருக்கும். வைட் ஸ்கிரீன்னு போட்டிருக்கறதை எடுங்க. எல்லா ஃபுல் ஸ்கிரீனும் வெட்டினதுன்னும் சொல்ல முடியாது, சில படத்துல தியேட்டர்ல மறைச்சு வெச்ச மேல் கீழ் பாகத்தைத் திறந்து விட்டிருப்பாங்க, அதுல படம் கூடவே தெரியும், ஆனா சில நேரம் மேல தொங்கற மைக்கும் சேர்ந்து தெரியும். டைரக்டர் காட்ட நினைச்சது அது இல்லை.

யூடியூப்ல பழைய படத்தை யாராவது இழுத்தே ஏத்தி வெச்சிருந்தா டிவியை 4:3ல வெச்சுப் பாருங்க, பெரும்பாலும் சரியாயிடும். கம்ப்யூட்டர்ல விஎல்சிங்கற வீடியோ பிளேயர்ல பாக்கறீங்கன்னா கீபோர்டுல ஏ தட்டத் தட்ட அளவு மாறிட்டே வரும், வட்டம் வட்டமா வர்ற இடத்துல நிறுத்திக்கங்க.

போன்ல ரெண்டு விரல் வெச்சு விரிக்கற பழக்கம் இப்ப எல்லாருக்கும் இருக்கு. ஸ்கோப் படம்னா போன் ஸ்கிரீனும் அகலமா இருக்கறதால பெருசா நஷ்டம் இல்லை, ஆனா 16:9ல இருக்கற சீரியல், வெப் சீரிஸ், கிரிக்கெட்டை 20:9 போன்ல விரிச்சா உயரத்துல அஞ்சுல ஒரு பங்கு போகும், கிரிக்கெட்டுல ஸ்கோர் வரியே காணாம போறது அதனாலதான். கடைசியா ஒண்ணு, சில படங்கள்ல, ஸ்கோப்பை விட உயரமா படம் பிடிக்கற ஐமேக்ஸ் கேமராவுல எடுத்த சீன் உள்ள படங்கள்ல, கருப்புப் பட்டை ஒரு சீன்ல வரும் அடுத்த சீன்ல தானா மறையும். டிவி ரிப்பேர்னு நினைச்சு ஆளைக் கூப்பிடாதீங்க, அந்தப் படமே அப்படித்தான், ரிமோட்டைத் தொடாம பாருங்க.