அப்ரண்டிஸ் பதிவு: அந்த 1,500 ரூபாய் எந்தக் கணக்குக்குப் போகிறது?

ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு வீட்டில் இருந்த தம்பிக்கு நான்தான் அப்ரண்டிஸ் பதிவு செய்துகொடுத்தேன். பதிவு அரை மணி நேர வேலை. பணம் எங்கே என்று தேடத்தான் நாலு மாதம் ஆனது.

கணக்கு இதுதான். 2016ல் வந்த தேசிய தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) ஊக்குவிப்புத் திட்டத்தில், மாத உதவித்தொகையில் 25 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது. உச்சவரம்பு 1,500 ரூபாய். மீதி கம்பெனி பொறுப்பு. 2019 விதிகள் வைத்த குறைந்தபட்சம் ஐந்தாம் வகுப்பு முடித்தவருக்கு 5,000, ஐடிஐக்கு 7,000. 7,000த்தில் கால்பங்கு 1,750 ஆயிற்றே என்று கேட்காதீர்கள், 1,500தான் வரும்.

படி 1: அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிவு. உங்கள் சொந்த நம்பர், சொந்த மெயில் மட்டும் கொடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் மெயிலைப் போட்டுவிட்டால், பிறகு ஒவ்வொரு தடவையும் அவர் கடை வாசலில் நிற்க வேண்டும். என்னைக் கேட்டால் வீட்டிலேயே செய்வது மேல்.

படி 2: ஆதார் சரிபார்ப்பு. நம் ஊர் இனிஷியல் தொல்லை இங்கே வரும். ஆதாரில் முன்னால், சான்றிதழில் பின்னால் என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 3: கம்பெனி தேடல். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். அங்கே முதலில் கேளுங்கள். "ட்ரெய்னியா சேர்ந்துக்கோ, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் நம்பாதீர்கள். தளத்தில் ஒப்பந்தம் ஏறி, நீங்களும் அதை ஏற்றால்தான் அரசுப் பங்கு.

படி 4: வங்கிக் கணக்கு. நாங்கள் வழுக்கி விழுந்தது இங்கேதான்.

கம்பெனி பணம் வந்தது, அரசுப் பணம் வரவில்லை. வங்கிக்குப் போனால், "ஆதார் லிங்க் ஆயிருக்கேப்பா" என்று திரையைத் திருப்பிக் காட்டினார்கள். பொய்யில்லை. ஆனால் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதார் கொடுப்பது வேறு, நேரடிப் பணம் வர ஆதாரை அந்தக் கணக்கோடு 'சீடிங்' செய்வது வேறு. ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் சீடிங் ஒன்றுக்கு மட்டும்தான். கடைசியாக எதற்குச் செய்தோமோ அதற்கே பணம் போகும். ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தோம். வேறொரு வங்கியின் பெயர்! பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த கணக்கு. பரண் பெட்டியில் கிடந்த பாஸ்புக்கை எடுத்துப்போய் அச்சடித்தால், வரிசையாக நாலு 1,500. அம்மா அதை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார்.

ஆகவே ஒப்பந்தத்துக்கு முன்பே அந்த நிலையைப் பாருங்கள். மாற்ற வேண்டுமானால் வங்கியில் "டிபிடி சீடிங்" (டிபிடி என்றால் நேரடிப் பணப் பரிமாற்றம்) என்று சொல்லியே படிவம் கேளுங்கள். வெறும் "லிங்க்" என்றால் எங்கள் கதைதான்.

டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கு நாட்ஸ் என்று தனித் தளம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பின்சேர்க்கை: தம்பியோடு வேலை பார்க்கும் பையனுக்கு ஒழுங்காக வந்த பணம் திடீரென்று நின்றது. நடுவில் புதிதாக ஒரு கணக்கு திறந்திருக்கிறான். படிவத்தில் ஏதோ கட்டத்தில் டிக் அடித்ததில் சீடிங் அங்கே மாறிவிட்டது. புதுக் கணக்கு தொடங்கினால் மறுநாளே அந்த நிலையை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.