உங்கள் அகப்பக்கத்தைச் செயற்கை நுண்ணறிவு பிழையின்றி வாசிக்க: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பலகாரக் கடை நடத்தும் என் சித்தப்பாவுக்கு அகப்பக்கம் அமைத்துக் கொடுத்தவன் நான்தான். தைப்பூசம் நடக்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் வேலை இருந்ததால், தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கடை விடுமுறை என்று ஒரு சுவரொட்டியை வரைந்து, அதைப் படமாகவே முகப்பில் ஏற்றியிருந்தேன். பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஓர் அம்மா, கடை திறந்திருக்குமா என்று தம் கைப்பேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டிருக்கிறார். காலை 8 மணிக்குத் திறக்கும் என்று அது சொன்னதை நம்பி, ஃபெரி ஏறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வழக்கமான நேரம் எழுத்தாக இருந்தது; விடுமுறை படத்துக்குள் இருந்ததால் செயலி அதைக் காணவில்லை. அந்தப் பக்கத்தை நான் திருத்திய முறையையே இங்கு வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இயந்திரம் உங்கள் பக்கத்தில் எதைக் காண்கிறது என்பதை நீங்களே பாருங்கள். கணினியில் பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்தினால் அதன் மூலநிரல், அதாவது பக்கத்தை உருவாக்கும் குறிகளும் எழுத்தும், தெரியும். அங்கே கடையின் தொலைபேசி எண்ணையும் ஏதேனும் ஒரு பலகாரத்தின் பெயரையும் தேடுங்கள். திரையில் தெரிவது மூலநிரலில் இல்லையென்றால், அது படத்துக்குள் இருக்கலாம். அல்லது பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் கொண்டுவந்து நிரப்புவதாக இருக்கலாம். கூகளின் தேடுபொறி ஜாவாஸ்கிரிப்டை இயக்கிப் பார்க்கும். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அனுப்பும் ஊர்திகள், அதாவது பக்கங்களைத் தானாக வாசித்துச் செல்லும் நிரல்கள், பலவும் அவ்வாறு செய்வதில்லை. முதலில் வந்து சேரும் எழுத்தை மட்டுமே எடுத்துச் செல்கின்றன. ஆகவே விலை, நேரம், முகவரி ஆகிய மூன்றும் மூலநிரலிலேயே இருக்கும்படி செய்யுங்கள். நேரம் குறைவாக இருப்பவர்கள் இந்த ஒன்றையாவது இன்றே செய்துவிட வேண்டும்.

அடுத்து, படத்துக்குள் இருக்கும் செய்தியை வெளியே எடுங்கள். படத்துக்கு ஆல்ட் என்னும் மாற்றுரை கொடுப்பது நல்ல பழக்கம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்காகவே அது ஏற்பட்டது. ஆனால் ஓர் அறிவிப்பு முழுவதையும் அதற்குள் திணிப்பது சரியன்று. அறிவிப்பைப் பக்கத்தில் வாக்கியமாக எழுதி, சுவரொட்டியை அதன் கீழே வையுங்கள்.

மூன்றாவதாக, உங்கள் தமிழ் எழுத்து, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடுதானா என்று பாருங்கள். நம் நாட்டுச் சங்கங்களும் கோயில்களும் நெடுங்காலமாகவே இணையத்தில் தமிழில் எழுதி வருகின்றன. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கே மலேசியாவில் பிறந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருள்தான். அந்த முன்னோடிக் காலத்தில் டிஸ்கி போன்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களில் தட்டிய பக்கங்கள் இன்றும் சில இடங்களில் அப்படியே கிடக்கின்றன. உரிய எழுத்துரு இருந்தால் அவை தமிழாகத் தெரியும். இயந்திரத்துக்கோ அவை பொருளற்ற குறிகள். ஒரு வரியைப் படியெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒட்டிப் பாருங்கள். தமிழாக வராவிட்டால் எழுத்துரு மாற்றி என்னும் கருவி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். பிடிஎஃப் கோப்புகளுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள், ஏனெனில் அவற்றில் கொம்பும் காலும் இடம் மாறிப்போவது மிகவும் சாதாரணம். தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் கலந்திருந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் மூலநிரலில் மொழியைக் குறிக்கும் லாங் பண்பில் அதனதன் மொழிக்குறியைக் கொடுங்கள்: தமிழுக்கு டிஏ, மலாய்க்கு எம்எஸ், ஆங்கிலத்துக்கு இஎன்.

இனி எழுத்து நடைக்கு வருவோம். எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். கேள்விக்கு விடை தேடும் செயலிகள் பல, ஒரு பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, பொருந்தும் துண்டை மட்டும் எடுத்துப் பேசுகின்றன. எங்கள் பக்கத்தில் அதிரசத்துக்குக் கீழே "இதுவும் மேலே சொன்ன விலைக்கே கிடைக்கும்" என்று எழுதியிருந்தேன். அந்த வரி தனியாகப் பிரிந்துவிட்டால், எது, என்ன விலை என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது அங்கே, "அதிரசம் 10 எண்ணம் 15 ரிங்கிட், இரண்டு நாளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்" என்று இருக்கிறது. ஒவ்வொரு பத்தியும் தனியே நின்றாலும் பொருள் தரவேண்டும். தலைப்புகளையும் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் போதாது. மூலநிரலில் எச்1, எச்2 என்ற தலைப்புக் குறிகளிலேயே அமைக்க வேண்டும். தெருப் பலகையில் லெபோ பசார் என்று இருந்தாலும் பெரியவர்கள் மார்க்கெட் ஸ்திரீட் என்று கேட்கக்கூடும் என்பதால், முகவரியில் இரண்டு பெயரையும் சேர்த்திருக்கிறேன்.

இதற்குப் பிறகு, கட்டமைந்த தரவை, அதாவது இயந்திரம் நேரடியாக வாசிக்கும்படி பெயரிட்டு வகுத்த விவரங்களை, சேர்க்கலாம். கூகள், மைக்ரோசாஃப்ட், யாஹூ ஆகியவை 2011இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்றொகுதியில், கடையின் பெயர், முகவரி, தொலைபேசி, திறக்கும் நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் உள்ளன. அவற்றை ஜேசன்-எல்டி என்னும் தரவு வடிவில் பக்கத்தில் சேர்க்க வேண்டும். அகப்பக்கம் அமைக்க வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோருக்கு அதற்கான செருகுநிரல்கள் உண்டு. பண்டிகை விடுமுறைக்கென்றே சிறப்பு நேரப் புலம் ஒன்று இருப்பதைத் தைப்பூசத்துக்குப் பிறகுதான் கவனித்தேன். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எதையும் இங்கே எழுதாதீர்கள்.

கடைசியாக ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பு. 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்த இந்த வழக்கம், 2022இல் ஆர்எஃப்சி 9309 என்ற எண்ணுள்ள இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. எந்த ஊர்தி வரலாம், எது வரக்கூடாது என்று இதில் எழுதுகிறோம். இது வேண்டுகோளே ஒழியப் பூட்டு அன்று. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடிபாட் என்னும் ஊர்தி செயற்கை நுண்ணறிவின் பயிற்சிக்காகத் திரட்டுவது, ஓஏஐ-செர்ச்பாட் தேடல் விடைகளுக்காக வருவது. தம் எழுத்து பயிற்சிக்குப் போக வேண்டாம் என்று நினைப்பவர் முன்னதை மட்டும் தடுத்து, பின்னதை அனுமதிக்கலாம். உங்கள் பக்கத்தை அமைக்கப் பயன்படுத்திய பழைய வார்ப்புரு ஏதேனும் எல்லா ஊர்திகளையும் ஒட்டுமொத்தமாகத் தடுத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக்குத் தளத்தின் சாரத்தை எடுத்துச் சொல்ல, எல்எல்எம்எஸ்.டிஎக்ஸ்டி என்று 2024இல் ஜெரமி ஹோவர்ட் முன்மொழிந்த கோப்பும் உண்டு. அது இன்னும் முன்மொழிவாகவே இருப்பதால், மற்ற வேலைகள் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் மூலநிரலை மறுபடியும் திறந்து, முதலில் தேடிய அதே எண்ணையும் பெயரையும் தேடுங்கள். சில வாரம் கழித்து, இரண்டு மூன்று செயலிகளிடம் வாடிக்கையாளர் கேட்பதுபோலவே தமிழில் கேட்டுப் பாருங்கள். தவறான விடை வந்தால், அந்த விடைக்குரிய வாக்கியம் உங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப்போய், அதையே திருத்துங்கள்.