பனை விதை நடவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் முன்

பள்ளிகளில் மரம் நடுவது என்றாலே ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம்தான். வெயில் இன்னும் இறங்கியிருக்காது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்கள் நம்பியிருக்கும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் வரும். அதுவரை அந்தக் கன்று குடத்துத் தண்ணீரில் பிழைத்தாக வேண்டும். நடுவில் காலாண்டு விடுமுறை வேறு. மழையைப் பார்க்காமல் விழா நாளைப் பார்த்து நடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

பனைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆடி, ஆவணியில் பழம் உதிரும். கொட்டையைப் பொறுக்கி, காயவிடாமல், புரட்டாசிக்குள் மண்ணுக்குள் வைத்துவிட்டால் மீதியை மழை பார்த்துக்கொள்ளும். ஒரு சாண் ஆழம், பத்தடி இடைவெளி போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

ஆனால் பனை எப்படி முளைக்கும் என்று சொல்லாமல் நடவைத்து விடுகிறோம். அதன் முளை முதலில் மேலே வராது, கீழே இறங்கும். அங்கே கிழங்கு திரண்டு, முதல் ஓலை வெளியே தலைகாட்டப் பல மாதம் ஆகும். இது தெரியாத பிள்ளை என்ன செய்யும்? “சார், ஒண்ணுமே வரல” என்று தோண்டிப் பார்க்கும். முளை முறிந்தால் அந்த விதை அவ்வளவுதான். நாங்கள் ஏரிக்கரையில் வைத்த ஒரு வரிசை முழுக்க அப்படிப் போனது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கரையில் நடும் அதே வாரம், பள்ளி மூலையில் ஐம்பது கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மண் மூடிவிடுவோம். தோண்டிப் பார்க்கும் ஆசைக்கு அந்தப் பாத்தி. மாதம் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். பொங்கல் சமயத்தில் மிச்சத்தைப் பிடுங்கி, அவித்துத் தின்றுவிடலாம். கிழங்கைக் கடித்துக்கொண்டே கேட்கும் பாடம் மறக்காது.

அப்புறம், ஊரைக் கேட்காமல் நடுவது. கரையை அகலப்படுத்தும் திட்டம் இருக்கலாம், மடைக்குப் பக்கத்தில் மரம் வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லலாம். ஊராட்சியிலும் பாசனம் பார்க்கும் பெரியவர்களிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். நூறு நாள் வேலைக்கு வருபவர்களிடமும் இடத்தைக் காட்டுங்கள். கரையைச் சுத்தம் செய்யும்போது இளம் பனை ஓலை புல்லோடு புல்லாகப் போய்விடும்.

எண்ணிக்கை மோகமும் வேண்டாம். ஆயிரம் விதை என்று அறிவித்துவிட்டு, கடைசி முந்நூறை ஒரே குழியில் கொட்டி மூடியதைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஐந்து என்றால் நாற்பது பிள்ளைகளுக்கு இருநூறு. அது தாராளம். சிறப்பு விருந்தினருக்காகப் பிள்ளைகளை வெயிலில் காக்க வைக்கவும் வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏரி, குளம் என்றால் மண் அள்ளிய பள்ளங்கள் இருக்கும், தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. கை கழுவக்கூடப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கூடாது. குடத்தில் தண்ணீர் கொண்டுபோங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் கிடைக்காவிட்டால் நடவைத் தள்ளிவையுங்கள். கரையில் கிடக்கும் பாட்டில் சில்லையும் சீமைக்கருவேல முள்ளையும் முந்தைய நாளே பெரியவர்கள் அகற்றிவிட வேண்டும். செருப்பில்லாமல் யாரும் வரக் கூடாது.

நட்ட இடத்தையெல்லாம் வரிசை எண் போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பனை வளர்ந்து காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடம்கூட ஆகும். நட்ட பிள்ளை அதற்குள் பள்ளியை விட்டே போயிருக்கும். அதனால் நோட்டு ஆசிரியரின் பீரோவில் இருக்கக் கூடாது. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஆறாம் வகுப்பு அடுத்த ஆறாம் வகுப்பைக் கரைக்கு அழைத்துப் போய், எந்த எண் எங்கே என்று காட்டிக் கையில் கொடுக்கட்டும்.