18 வயது உங்களுக்கு ஒரு கடிதம்: எழுதும் முறை

18 வயதோ வேறெந்த வயதோ, பழைய உங்களுக்கு இன்றைய நீங்கள் அறிவுரை சொல்லி எழுதும் கடிதம் இது. 'சின்ன வயசு எனக்கு' என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்கினால் கடிதம் இரண்டாவது வரியிலேயே வற்றிவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆள் வேறு, முதல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறிய ஆள் வேறு. ஒருவரை, ஒரு நாளை, முடிந்தால் ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். எந்த வயது என்று குழப்பமாக இருந்தால் 10க்கும் 30க்கும் நடுவில் தேடுங்கள். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ராபின் கோவால்ஸ்கியும் ஆனி மெக்கார்டும் 30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், சின்ன வயது உங்களுக்கு என்ன அறிவுரை சொல்வீர்கள் என்று கேட்டார்கள். வாழ்க்கையைத் திருப்பிப் போட்டதாக அவர்கள் சொன்ன சம்பவங்கள் பெரும்பாலும் அந்த வயதுகளில்தான் நடந்திருந்தன.

எழுதுவதற்கு முன் அரை மணி நேரம் பீரோவைக் குடையுங்கள். மார்க் ஷீட், பழைய பஸ் பாஸ், யாரோ போட்ட இன்லேண்ட் லெட்டர், பேங்க் பாஸ்புக் என்று இரண்டு மூன்று கிடைத்தால் போதும். பாஸ்புக் இருந்தால் அதை முதலில் எடுங்கள். அந்த மாதக் கணக்கில் இருந்தது 140 ரூபாய்தான் என்று கண்ணால் பார்த்துவிட்டால், 'வெளியூர் காலேஜில் சேர்ந்திருக்கலாமே' என்று எழுதப்போன கை தானாக நின்றுவிடும்.

பிறகு ஒரு தாளை நெடுக்காக மடியுங்கள். இடப்பக்கம் அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்தது, வலப்பக்கம் பின்னால் தெரியவந்தது. கையில் எவ்வளவு பணம், யாரிடம் கேட்க முடியும், வீட்டில் யார் பேச்சு எடுபடும், எதற்குப் பயம் என்று இடப்பக்கம் மட்டும் 10 வரியாவது வேண்டும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் கடைசியில் திட்டி எழுதுகிறார்கள். முடிவு தெரிந்த பிறகு, 'இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணுமே' என்று மனசு அடம்பிடிக்கும். உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் இதைச் சோதனை வைத்தே காட்டிவிட்டார்.

இனி அறிவுரை. இடப்பக்கம் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஆள் ஒரு வாரத்துக்குள் தொடங்க முடியுமா? முடியாதென்றால் அடித்துவிடுங்கள். 'அந்த நிலத்தை வாங்கிப் போடு' என்பது லாட்டரி நம்பர் சொல்வது மாதிரி. 'தைரியமாக இரு' என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது, பயன் இருந்ததா? 'காசு சேர்' என்பதை இப்படி மாற்றுங்கள்: 'முதல் சம்பளம் வந்ததும் போஸ்ட் ஆபீசில் மாதம் 500 ரூபாய்க்கு ஆர்.டி. போடு. 60 மாதத்தில் அசலே 30,000 ஆகும். நடுவில் யார் கேட்டாலும் உடைக்காதே.' 'அப்பாவிடம் மனம்விட்டுப் பேசு' என்பதும் அப்படித்தான். 'சாப்பிடும்போது கேட்காதே, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள்' என்றால் அந்தப் பிள்ளையால் செய்ய முடியும். இப்படி மூன்று போதும். நான்காவது வந்தாலே பிரசங்கம்.

கடிதத்தை வீட்டில் கூப்பிட்ட பெயரில் தொடங்கி, 'நீ' என்றே எழுதுங்கள். முதல் ஐந்தாறு வரிகளில் அறிவுரை கூடாது. அந்த நாளைச் சொல்லுங்கள், அன்று அவர் சரியாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் ஒரு முறை பாருங்கள். 'கேட்டிருக்கலாம்', 'போயிருக்க வேண்டும்' என்று முடியும் ஒவ்வொன்றும் புலம்பல்தான். படிக்கப் போகிறவருக்கு அது இன்னும் நடக்கவே இல்லை. 'கேள்', 'போ' என்று மாற்றுங்கள். மாற்ற வராத வாக்கியத்தில் அறிவுரையே இல்லை, எடுத்துவிடுங்கள்.

ஒரே மூச்சில் எழுத வேண்டாம். மனதில் கிடப்பதை எழுதச் சொல்லி ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கொடுத்த அளவு நாளுக்கு 15 நிமிடம், அடுத்தடுத்து 4 நாள். இதற்கும் அது பொருந்தும். எழுத எழுத நெஞ்சு அடைத்தால் நிறுத்திவிட்டு வேறொரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சின்ன வயதில் உங்களுக்கு யாராவது கெடுதல் செய்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு அறிவுரையே கூடாது. 'உன் மேல் தப்பில்லை' என்ற ஒரு வரி மட்டும் எழுதுங்கள்.

முடித்ததைக் கவரில் போட்டு ஒரு வாரம் வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள், குரல் கடுக்கும் வரியைத் திருத்துங்கள். அந்த மூன்று அறிவுரைகளில் இன்றைக்கும் செய்யக்கூடியது ஒன்று இருந்தால், அதை மட்டும் தேதியோடு இந்த மாதக் காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள்.