மெட்டல் டிடெக்டரை வீசப் பழகுவது எப்படி?

புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் மெனுவைத்தான் குடைவார்கள். ஆனால் கருவி உணரும் ஆழம் குறைவது அநேகமாகக் காயிலை, அதாவது தண்டின் அடி நுனியில் உலோகத்தை உணரும் வட்டத் தட்டை, தூக்கிப் பிடிப்பதால்தான். சாதாரணக் காயிலில் நாணய அளவுப் பொருள் 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை சிக்கும். காயில் தரையிலிருந்து 5 செ.மீ. கூடுதலாக எழும்பினால் அந்த 5 செ.மீ. அப்படியே கழிந்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் இதை ஈடுகட்டாது.

முதலில் பொருத்துவது. நிமிர்ந்து நின்று, தோளைத் தளர்த்திக்கொண்டால் காயில் உங்கள் பாதத்துக்கு ஓர் அடி முன்னால் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். குனிந்தால்தான் எட்டுகிறது என்றால் தண்டை நீட்டுங்கள். காயில் கேபிளைத் தண்டோடு இறுக்கமாகச் சுற்றுங்கள். தொளதொளவென்று ஆடும் கேபிளே பொய் சிக்னல் தரும். கையில் மோதிரம், இரும்பு முனை வைத்த காலணி, காயிலுக்கு அருகில் கைபேசி, மூன்றும் வேண்டாம்.

வெளியே போகுமுன் கருவியின் காதைப் பழக்குங்கள். உண்மையில் உங்கள் காதைத்தான். கான்கிரீட் தரைக்குள் கம்பி இருக்கும் என்பதால் வெறும் மண் தரையில், முன்கூட்டியே சிக்னல் இல்லை என்று பார்த்த இடத்தில், இரும்பு ஆணி, அலுமினியத் தாள், குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையம், நாணயம், தங்க மோதிரம் ஆகியவற்றை அரை மீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொன்றின் மீதும் காயிலை வீசி (இடமும் வலமும் நகர்த்தி), ஒலியையும் திரையில் வரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இழுப்பு வளையமும் சிறிய தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண் காட்டுவதைக் கவனிப்பீர்கள். குப்பை வேண்டாம் என்று டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகங்களை ஒதுக்கும் அமைப்பு) ஏற்றிவைத்தால் மோதிரமும் சேர்ந்தே போய்விடும். ஆரம்பத்தில் இரும்பை மட்டும் விலக்கினால் போதும். வளையங்களைத் தோண்டிச் சலிப்பது இந்தப் பொழுதுபோக்கின் கட்டணம்.

களத்தில் முதல் வேலை சென்சிடிவிட்டி, அதாவது கருவியின் உணர்திறன். காயிலை இடுப்பு உயரத்தில் அசையாமல் பிடியுங்கள். அப்போதும் கரகரவென்று ஓசை வந்தால் மின்கம்பி, கைபேசி, பக்கத்தில் இன்னொரு டிடெக்டர் என்று ஏதோ இடையூறு செய்கிறது. இடம் மாறுங்கள், அல்லது கருவியின் அலைவரிசையை மாற்றுங்கள். மேலே அமைதி, தரையருகே வீசும்போது மட்டும் சத்தம் என்றால் மண்ணில் தாதுக்கள் அதிகம். அதற்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ், அந்தத் தாதுக்களின் இரைச்சலைக் கருவி ஒதுக்கச் செய்யும் பொத்தான். உலோகமில்லாத இடத்தில் அந்தப் பொத்தானை அழுத்தியபடி காயிலைத் தரைக்கு மேல் 3 செ.மீ.க்கும் 15 செ.மீ.க்கும் இடையே மேலும் கீழும் அசையுங்கள். ஓசை அடங்கியதும் விடுங்கள். இன்னும் சத்தமிருந்தால்தான் சென்சிடிவிட்டியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முழு அளவில் வைத்து இரைச்சலோடு தேடுபவரைவிட, சற்றுக் குறைத்து அமைதியாகத் தேடுபவருக்கே மெல்லிய சிக்னல் காதில் விழும். ஹெட்போன் கட்டாயம். கடலோர ஈர மணல் தனி ரகம்: உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அலைவரிசைக் கருவிகள் அங்கே தடுமாறும். கடற்கரை மோடு இருந்தால் அதில் வையுங்கள், இல்லாவிட்டால் உலர்ந்த மணலோடு நில்லுங்கள்.

இனி வீச்சு. காயிலைத் தரையிலிருந்து 2, 3 செ.மீ. உயரத்தில் வைத்து இடமும் வலமும் நகர்த்துங்கள். ஊஞ்சல் போல இரு முனைகளிலும் காயில் மேலே ஏறுவதுதான் எல்லோருக்கும் வரும் கோளாறு; அந்த முனைகளில் ஆழத்திலுள்ள பொருள் தெரியாமல் போகும். வீச்சை அகலப்படுத்தாமல் ஒரு மீட்டர் அளவில் நிறுத்தினால் இது தானாகக் குறையும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒன்றரை, இரண்டு விநாடி ஆகட்டும். அடுத்த வீச்சு முந்தைய வீச்சின் பாதியையாவது மூட வேண்டும், ஏனென்றால் காயிலுக்குக் கீழே ஆழம் போகப் போகப் பார்வை குறுகும். பொருளின் மேல் காயிலை அசையாமல் நிறுத்தினால் பெரும்பாலான கருவிகள் ஊமையாகிவிடும். அவை அசைவில்தான் உலோகத்தை உணர்கின்றன.

சிக்னல் வந்தால் உடனே தோண்டாதீர்கள். அதே இடத்தில் குறுகலாக வீசி, பிறகு 90 பாகை திரும்பி மீண்டும் வீசுங்கள். இரு திசையிலும் ஒலியும் எண்ணும் ஒத்திருந்தால் தோண்டலாம். ஒரு பக்கம் நல்ல ஒலி, மறுபக்கம் முறிந்த ஒலி என்றால் பெரும்பாலும் வளைந்த ஆணி. ஆனால் செங்குத்தாக நிற்கும் நாணயமும் இப்படி ஏமாற்றும், ஆகவே சந்தேகமிருந்தால் தோண்டுவதே மேல். இரு வீச்சும் குறுக்கிடும் புள்ளிதான் பொருளின் இடம்.

நில உரிமையாளரின் அனுமதி இல்லாமலும், தொல்லியல் பாதுகாப்பு இடங்களிலும் மண்வெட்டி வைக்கக் கூடாது. புல்தரையில் புள்ளியைச் சுற்றி மூன்று பக்கம் மட்டும் 10 செ.மீ. ஆழம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல்போல் விட்டுப் புல்லை மடக்குங்கள், வேர் பிழைக்கும். மண்ணை ஒரு துணியில் கொட்டுங்கள். பின்பாயின்டரால் (பொருளின் சரியான இடத்தைக் காட்டும் சிறிய கைக்கருவி) முதலில் குழியின் சுவர், அடுத்து துணியிலுள்ள மண். குண்டு, எறிகணை போல ஏதேனும் தெரிந்தால் தொடாமல் விலகிப் போய் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

கிடைத்த நாணயத்தை அங்கேயே விரலால் தேய்க்காதீர்கள். ஒட்டிய மணல் மேற்பரப்பைக் கீறிவிடும். மென்மையான டப்பாவில் அப்படியே போட்டுக்கொண்டு, குழி மேல் காயிலை இன்னொரு முறை வீசுங்கள். சிக்னல் இன்னும் வந்தால் கீழே மற்றொன்று இருக்கிறது. வராவிட்டால் மண்ணைத் தள்ளி, புல்லை மூடி மிதித்துவிட்டு நகருங்கள்.