டாப் 10 வீடியோவை மூடிவிட்டு கேம் தேடுவது எப்படி

"யாருக்கும் தெரியாத 10 கேம்கள்" என்று ஒரு வீடியோவைத் திறந்தால் அதில் கட்டாயம் ஹாலோ நைட் இருக்கும். கோடிக்கு மேல் விற்ற கேம் அது! அடுத்த வீடியோவிலும் அதே பத்துதான், வரிசை மட்டும் மாறியிருக்கும். 2024-ல் கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் மட்டும் 18,000-க்கும் மேல் கேம்கள் வந்தன, அதாவது நாளுக்கு ஏறக்குறைய 50. அதில் பெரும்பாலானவை குப்பை என்பதை ஒத்துக்கொள்கிறேன். மிச்சம் இருப்பதைத் தோண்டி எடுக்கக் கொஞ்சம் வழி தெரிந்தால் போதும்.

ஸ்டீமிலிருந்தே தொடங்கலாம். அங்கே ஒரு கேமுக்கு "ஓவர்வெல்மிங்லி பாசிட்டிவ்" என்ற பட்டம் கிடைக்க 95 சதவீதம் பேர் பாராட்டினால் மட்டும் போதாது, குறைந்தது 500 ரிவ்யூவும் வேண்டும். "வெரி பாசிட்டிவ்" என்றால் குறைந்தது 50 ரிவ்யூ. பத்திலிருந்து 49 ரிவ்யூ வரை இருக்கும் கேம் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் வெறும் "பாசிட்டிவ்" என்றுதான் காட்டும், பார்ப்பவர்கள் சுமார் போல என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்கள். நான் தூண்டில் போடும் குளம் அதுதான். தேடும்போது கேமின் வகையைச் சொல்லும் டேக் ஒன்றை மட்டும் போடாதீர்கள், "பசில்" என்று மட்டும் போட்டால் கடல் மாதிரி வரும். பசில், டிடெக்டிவ், ஷார்ட் என்று இரண்டு மூன்றைச் சேர்த்துப் போடுங்கள், பிடிக்காத டேக்கை விலக்கவும் அங்கேயே வழி இருக்கிறது.

அப்புறம் ரிவ்யூவைப் படிக்கும்போது திட்டுபவர்களை முதலில் படியுங்கள். "ரெண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது, காசு வேஸ்ட்" என்று ஒருவர் புலம்பினால், வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் எனக்கு அது சிபாரிசுக் கடிதம். ரிவ்யூ எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். 15 நிமிடம் விளையாடியவரின் ஆவேசத்தைவிட 12 மணி நேரம் விளையாடியவரின் இரண்டு வரி மேல். காசு போடப் பயமாக இருந்தால் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வரும்வரை காத்திருங்கள், வருடத்துக்கு மூன்று முறை, எல்லாம் இலவச டெமோ. வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்றாலும் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். (ஒன்றரை மணி நேர கேமை முழுதாக முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள்.)

ஆனால் எனக்கு அதிகம் பலன் தந்த வழி இது இல்லை. உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு கேமை எடுத்து, அதைச் செய்தவர் அதற்கு முன்னால் என்ன செய்தார் என்று பாருங்கள். எல்லைச் சோதனைச் சாவடி அதிகாரியாக ஆடும் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாடியவர்கள் நிறையப் பேர் உண்டு. அதைச் செய்த லூகாஸ் போப், அதற்கு ஒரு வருடம் முன்பு, 2012-ல், லுடும் டேர் என்ற கேம் ஜாமுக்காக (சில நாளுக்குள் ஒரு கேம் செய்து காட்டும் நிகழ்ச்சி) 'த ரிபப்ளியா டைம்ஸ்' என்று ஒரு குட்டி இலவச கேம் செய்திருக்கிறார். அதில் நீங்கள் ஒரு பத்திரிகை ஆசிரியர், எந்தச் செய்தியைப் பெரிதாகப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும், உங்கள் குடும்பமோ அரசாங்கத்தின் பிடியில். பின்னால் பெரிதாக வந்த கேமின் விதை அங்கேயே கிடக்கிறது. 'செலஸ்ட்' கூட அப்படித்தான், 2018-ல் வெளியான அந்த கேம், பீக்கோ-8 என்ற கருவியில் நான்கு நாளில் செய்த ஒரு சின்ன முயற்சியாக 2015-லேயே இருந்தது.

இந்த மாதிரி விதைகள் கொட்டிக் கிடக்கும் இடம் இட்ச்.ஐஓ. யார் வேண்டுமானாலும் கேம் போடலாம், விலையை அவர்களே வைக்கலாம், சும்மாவும் கொடுக்கலாம். நிறைய கேம்களை டவுன்லோட் கூடச் செய்யாமல் பிரவுசரிலேயே விளையாடலாம். முகப்புப் பக்கத்தைவிட அங்கே நடக்கும் ஜாம்களின் பக்கத்துக்குப் போய், முடிந்த ஜாமில் ரேங்க் வாங்கியவற்றை வரிசையாக விளையாடிப் பாருங்கள். ஒரு கேமுக்குப் பத்து நிமிடம் போதும்.

விருதுப் பட்டியலும் உதவும், குறிப்பாக இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல். ஜெயித்ததை மட்டும் பார்க்காமல் இறுதிச் சுற்றுக்கு வந்தவை, சிறப்புப் பாராட்டு பெற்றவை வரை கீழே இறங்குங்கள். 2024-ல் அதன் பெரிய பரிசு நம்ம 'வெண்பா'வுக்கு. 80-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் பழைய சமையல் புத்தகம், அங்கங்கே எழுத்து அழிந்துபோன பக்கங்கள். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா "ஐயோ, அப்படி வைக்காதே" என்று சொன்னதும்தான் நான் தப்பாக அடுக்கியிருப்பது புரிந்தது.

போன் மட்டும்தான் இருக்கிறதா? சரி, ப்ளே ஸ்டோரின் டாப் சார்ட்டைப் பார்க்கவே வேண்டாம். 'சைமன் டாதம்'ஸ் பசில்ஸ்' என்று தேடுங்கள். ஏறக்குறைய நாற்பது வகைப் புதிர், விளம்பரம் கிடையாது, பழைய போனிலும் ஓடும். ஆபீஸில் சர்வருக்குள் நுழையத் தினமும் புட்டி (PuTTY) என்ற மென்பொருளைத் திறப்பீர்களே, அதை எழுதிய அதே சைமன் டாதம்தான். 'ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன்' இன்னொன்று. அதுவும் இலவசம், ஆனால் தூக்கத்துக்கு நான் பொறுப்பில்லை. இப்படிப்பட்ட ஓப்பன் சோர்ஸ் கேம்களுக்கு எஃப்-ட்ராய்டு என்ற ஆப் ஸ்டோரில் தனிப் பிரிவே இருக்கிறது.

நின்டென்டோவின் ஸ்விட்ச் கேம் கருவி வைத்திருப்பவர்கள் அதன் கடையான ஈஷாப்பில் தேடி நேரத்தை வீணாக்காமல் டெக்கு டீல்ஸ் தளத்தில் விஷ்லிஸ்ட் போட்டு, விலை இறங்கும்போது வாங்குங்கள். ஆனால் 90 சதவீதத் தள்ளுபடி என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள், அப்படி வாங்கியவை என் லைப்ரரியில் முப்பதுக்கு மேல் கிடக்கின்றன, ஒன்றைக்கூட இன்னும் திறக்கவில்லை.

பிடித்துப்போனால் ஸ்டீமில் இரண்டு வரி எழுதுங்கள். அங்கேயே வாங்கியவர்களின் ரிவ்யூ பத்து சேரும்வரை கேமுக்கு எந்தப் பட்டமும் வராது. ஒன்பதில் நிற்கும் கேம்கள் நிறைய இருக்கின்றன.